கதையும் அச்சுப் பலகையும்



நாட்டார் கதை பாட்டி வாயிலிருந்து வருவது. காசு கொடுத்து வாங்குவதல்ல என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். யப்பானில் அதனை ஒரு கலைப்பொருளாகவே விற்றார்கள். 1885இல் தோக்கியோவில் ஹசெகவா தகெஜிரோ என்னும் பதிப்பாளர் தம் நாட்டுப் பழங்கதைகளைச் சிறு சிறு நூல்களாக வெளியிடத் தொடங்கினார். ஓவியர் வரைவார். செதுக்குநர் அதை மரப்பலகையில் வெட்டுவார். அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுப்பார். பிறகு தாளை நெருக்கிச் சுருக்க, அது துணிபோல மெத்தென்றாகிவிடும். ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் வந்த இந்நூல்கள் பெரும்பாலும் வெளிநாட்டார் கைக்கே போய்ச் சேர்ந்தன. பீச் பழத்திற் பிறந்த மொமொதாரோ கடல் கடந்தது இப்படித்தான்.

நமக்கு அண்மையில், சென்னையில், இதற்கு நிகரான ஒன்று நடந்திருக்கிறது. தாரா பதிப்பகம் 2006இல் 'இரவில் மரங்களின் வாழ்வு' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டது. பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில்தான் தம் மெய்யான உருவைக் காட்டும் என்பது மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் நம்பிக்கை. அம்மக்களிடையே பிறந்த பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் அம்மரங்களை வரைந்தனர். மண்சுவரிலும் தரையிலும் வளர்ந்த கலை, கையாற் செய்த கரிய தாளுக்கு வந்தது. இங்கே மரப்பலகை இல்லை, பட்டுத்திரை அச்சு. ஆயினும் நிறத்துக்கொரு திரை, ஒவ்வொரு தாளுக்கும் மனிதக் கை என்பதில் முறை ஒன்றே. பிரதிகளுக்கு இலக்கமும் இடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 2012இல் தோக்கியோவின் தமுரதோ என்னும் சிறு பதிப்பகம் அதை யப்பானிய மொழியில் கொண்டுவந்தபோது, அதுவும் சென்னையிலேயே கையால் அச்சாகி அங்கே போனது!

விலை ஏழைப் பிள்ளைக்கு எட்டாது. அது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரைந்தவர் பெயர் அட்டையில் நிற்கிறதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பழங்குடி ஓவியம் என்று பொதுப்பெயர் சூட்டி ஆளை மறைத்துவிடுவதுதானே வழக்கம்.

நம் கம்பளைப் பக்கத் தோட்டங்களுக்கு வருவோம். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிறது. மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் லயத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் தெரிந்த கதைகள். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடி நூலாக்கினார். அதனால் பாட்டுத் தப்பியது. ரதியின் ஒப்பனையையும் காமன் நட்ட திடலையும் யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? நம் பாடசாலைகளில் சித்திரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த மாசியில் ஒரு கொப்பியும் பென்சிலுமாக அவர்களைத் திடலுக்கு அனுப்புங்கள். கூத்தைப் பழக்கும் வாத்தியாரின் பெயரையும் படத்தின் கீழே எழுதிவரச் சொல்லுங்கள்.