முதுகெலும்பும் சிறுதுளை அறுவையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மூணாற்றுச் சரிவுகளில் கொழுந்துச் சுமை தாங்கியும், உடும்பன்சோலை ஏலக்காடுகளில் குனிந்தும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் பாரம் தூக்கியும் வாழ்பவர்கள் நம்மவர். 'ஜவ்வு விலகிவிட்டது' என்னும் சொல் கேளாத வீடு நம்மிடையே அரிது.

உண்மையில் ஜவ்வு விலகுவதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டின் உறை கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடுப்பில் தொடங்கும் வலி காலில் இறங்குவது அதனாலேயே. இவ்வுண்மையை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் உலகிற்கு விளக்கினர்.

பெரும்பாலோர்க்கு இவ்வலி 6 முதல் 12 வாரங்களில் கத்தியின்றியே தணியும். அதன் பின்னும் கால்வலி தணியாதவர்க்கே பெரிதும் அறுவை வேண்டும். ஆயின் சிறுநீர் அடைபட்டாலோ, அடக்க இயலாது போனாலோ, இருக்கைப் பகுதி மரத்தாலோ, பாதம் வலுவிழந்தாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. எண்ணெய்த் தேய்ப்பிலும் பட்டைக் கட்டிலும் காலம் போக்கினால், இழந்த வலிமை மீளாமலே போகலாம்.

1977-இல் நுண்ணோக்கியின் துணையோடு செய்யும் அறுவை வந்தது. இன்று அகநோக்கிக் குழாய்வழிச் செய்யும் முறைகளில் மூன்றை அறிதல் நலம். முதலாவது, பக்கவாட்டிலிருந்து நரம்புத் துளைவழிச் செல்வது. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் துளை போதும். அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்யலாம். நரம்பில் கருவி பட்டால் அவரே உரைப்பார். இரண்டாவது, பின்புறமாக எலும்புத் தகடுகளின் இடையே நுழைவது. இடுப்பெலும்பு பக்கவழியை மறைக்கும் கடைசி வட்டிற்கு இது ஏற்றது. மூன்றாவது, இரு துளை முறை: ஒன்றில் ஒளிக்கருவி, மற்றொன்றில் அறுவைக் கருவி. எலும்புக் குழாய் சுருங்கியவர்க்கும் இது உதவும்.

இவற்றுள் எது சிறந்தது? நெதர்லாந்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு பக்கவழி முறையைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஓராண்டின் பின் கால்வலி தணிவதில் துளைமுறை தாழ்ந்ததன்று என்பதே அதன் முடிவு. காயம் சிறிது, வீடு திரும்புதல் விரைவு. எனினும் எம்முறையிலும் சிலர்க்கு வட்டு மீண்டும் பிதுங்கும். மருத்துவரின் கைத்தேர்ச்சியோ நெடுநாட் பயிற்சியால் வருவது.

ஆகவே, வாளையாறு கடந்து கோவைக்கோ, போடிமெட்டு இறங்கி மதுரைக்கோ செல்லும் அன்பர்களே! 'துளை எவ்வளவு சிறியது?' என்பதோடு நில்லாதீர்கள். 'எனக்கு அறுவை வேண்டுமா? என் வட்டிற்கு எவ்வழி ஏற்றது? இம்முறையை எத்தனை பேர்க்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது குற்றமன்று. உழைத்துண்ணும் குடும்பத்திற்கு முதுகே முதல். அதனைப் போற்றிக் காப்போமாக!