கட்டில் வாசலுக்கு வந்தது. மாடிக்கு ஏற்றுவது யார்?

(வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டில், பீரோ, மேஜை, நாற்காலி பற்றிப் பேச இன்று கூடியிருக்கிறோம். "விலைவாசி, வேலையின்மை, வீட்டு வாடகை என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது கட்டிலைப் பற்றியா பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டிலும் பீரோவும் வாங்கினால் தொழிலாளி குடும்பத்துக்கு அது இரண்டு மூன்று மாதச் சம்பளம். பல மாதங்கள் தவணை கட்டுகிறோம். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் எங்கே போகிறது, அதற்கு ஈடாக வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பார்ப்பது அற்ப விஷயம் அல்ல.

முன்பெல்லாம் என்ன செய்தோம்? தெருக்கோடியில் தச்சர் பட்டறை இருந்தது. தேக்கா, வேம்பா, வாகையா என்று மரத்தைத் தட்டிப் பார்த்தோம். அவரே வீட்டுக்கு வந்து அளவெடுத்தார். செய்ததைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அவரே நிறுத்திக் கொடுத்தார். கதவு தொங்கினால் மறுநாள் போய்ச் சண்டை போடலாம். அந்தக் காலம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தவர்களும் உண்டு. ஆனால் விற்பவர் யார், செய்தவர் யார், தூக்கி வந்தவர் யார் என்பது நம் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று கைபேசியில் படம் பார்த்து வாங்குகிறோம். விலை குறைவாக இருக்கிறது, விதவிதமாக இருக்கிறது, கடைவீதிக்கு அலைய வேண்டியதில்லை. வாங்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. விஞ்ஞானம் தரும் வசதி ஜனங்களுக்கும் சேர வேண்டியதுதான். நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்த விலை எப்படிக் குறைந்தது?

விலை குறைந்த சூட்சுமம்

ஒரு மேஜையை லாரியில் ஏற்றிப் பாருங்கள். மேஜை அடைக்கும் இடத்தில் பெரும்பகுதி மரம் அல்ல. கால்களுக்கு நடுவே இருக்கும் வெறும் காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்க வேண்டும். சுவீடன் நாட்டில் 1943-ல் தொடங்கிய ஐகியா என்ற கம்பெனி 1956-ல் மேஜையின் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. ஒரே லாரியில் பல மடங்கு சாமான் போயிற்று. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவதும் பூட்டுவதும் வாங்குபவர் வேலையாயிற்று. அந்தக் கம்பெனி 2018-ல் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. அதற்கு முன்பே, 2012-ல் தொடங்கிய பெப்பர்பிரை, அர்பன் லேடர் போன்ற கம்பெனிகள் இணையத்தில் சாமான் விற்று வந்தன. அர்பன் லேடரை 2020-ல் ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் கதை இங்கும் உண்டு.

இரண்டாவது சூட்சுமம் மரத்தில் இருக்கிறது. படத்தில் பளபளவென்று தேக்கு நிறம் தெரியும். கீழே பொடி எழுத்தில் 'என்ஜினியர்ட் வுட்' என்று போட்டிருக்கும். அது என்ன? மரச் சீவலையும் தூளையும் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. மேலே மர நிறத்தில் தாள் ஒட்டியிருக்கும். பார்ட்டிகிள் போர்டு என்பதும் எம்.டி.எஃப். என்பதும் இந்த வகை. இது மோசடிச் சரக்கு அல்ல. காய்ந்த இடத்தில் வைத்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஒருமுறை திருகாணியைக் கழற்றி மாட்டினால் அந்த ஓட்டையில் பிடிப்புத் தளர்ந்துவிடும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு அடிக்கடி வீடு மாறுகிற நமக்கு இது பெரிய விஷயம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல. 'மெட்டீரியல்' என்று எழுதியிருக்கும் வரியை.

மூன்றாவது சூட்சுமம்தான் முக்கியமானது. அளவெடுக்கும் வேலை, சுமக்கும் வேலை, பூட்டும் வேலை ஆகிய மூன்றும் முன்பு விலைக்குள் இருந்தன. இப்போது விலைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. வேலை மறைந்துவிடவில்லை, தோழர்களே! வேறு தோள்களுக்கு மாறியிருக்கிறது.

படிக்கட்டில் நடந்த தகராறு

யார் தோளுக்கு மாறியது? சென்ற மாதம் நம் குடியிருப்பில் நடந்ததைப் பலரும் அறிவீர்கள். மூன்றாம் மாடியில் உள்ள ஒரு குடும்பம் மூன்று கதவு அலமாரி ஒன்றை இணையத்தில் வாங்கியது. 'இலவச டெலிவரி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குட்டி யானை வண்டி வந்தது. டிரைவர் ஒருவர், உதவியாள் ஒருவர், நான்கு பெட்டிகள். "லிப்ட் இல்லாத இடத்தில் தரைத்தளம் வரைதான்; மேலே ஏற்ற எழுநூறு ரூபாய்" என்றார் டிரைவர். "இலவசம் என்று போட்டுவிட்டுப் பணம் பிடுங்குகிறாயா?" என்று வீட்டார் கொதித்தார்கள். வாய்ச்சண்டை கைகலப்பு வரை போகப் பார்த்தது. கடைசியில் ஐந்நூறுக்குப் பேசி முடித்து, அந்த உதவியாள் நான்கு நடை ஏறி இறங்கினார். அவர் மூச்சு வாங்கியதை நாம் பார்த்தோம். ஓடிபி எண்ணை வாங்கிக்கொண்டு வண்டி போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் பூட்ட வந்தவர் பெட்டியைப் பிரித்தால், பக்கப் பலகையின் மூலை நொறுங்கியிருந்தது. கம்பெனியைக் கேட்டால், "ஓடிபி கொடுத்துவிட்டீர்களே, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக அர்த்தம்" என்று பதில் வந்தது.

சண்டை போட்டது யாரும் யாரும்? ஒருபுறம் சம்பளத்துக்கு உழைக்கும் குடும்பம். மறுபுறம் நடைக்கூலிக்குச் சுமக்கும் தொழிலாளி. 'இலவசம்' என்று விளம்பரம் போட்டவர் அங்கே இருந்தாரா? இல்லை! தரைத்தளம் வரைதான் என்று பொடி எழுத்தில் ஒளித்து வைத்தவர் இருந்தாரா? இல்லை! இரண்டு தொழிலாளிகளைப் படிக்கட்டில் மோதவிட்டு, ஆதாயத்தை எண்ணிக்கொண்டிருப்பவர் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறார். நாம் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அந்தக் குடும்பம் சும்மா இருக்கவில்லை. படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுத்தார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தார்கள். மூன்று வாரத்தில் புதுப் பலகை வந்தது. கேட்டால் கிடைக்கும், யாரை, எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம்.

சட்டம் நம் பக்கம் இருக்கும் இடங்கள்

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்னணு வணிக விதிகள் வந்தன. அவற்றில் நான்கு விஷயங்களை மனத்தில் பதியுங்கள்.

ஒன்று: டெலிவரி, கையாளுதல், வரி என்று எல்லாச் செலவையும் பிரித்துக் காட்டி, மொத்த விலையை ஒரே தொகையாக விற்பவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வாசலில் வந்து புதுக் கட்டணம் முளைப்பது இந்த விதிக்கு விரோதம்.

இரண்டு: பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ, திருப்பி எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற தடுக்க முடியாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. ஓடிபி கொடுத்ததால் இந்த உரிமை செத்துவிடாது.

மூன்று: கம்பெனி ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நான்கு: நம் சம்மதத்தை அவர்களே முன்கூட்டி 'டிக்' போட்டு வைக்கக் கூடாது.

இதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

'இன்னும் இரண்டே மீதி', 'பத்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது' என்று பொய் அவசரம் காட்டுவதையும் சர்க்கார் 2023 நவம்பரில் தடைசெய்த 13 தந்திரங்களில் சேர்த்திருக்கிறது. 'வட்டியில்லாத் தவணை' என்பதையும் யோசித்துப் பாருங்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். வட்டி ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பொருளின் அளவு மட்டும் போதாது; அது வரும் வழியின் அளவும் வேண்டும். வாசல் நிலை, படிக்கட்டு, படி திரும்பும் இடம், அறைக் கதவு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 72க்கு 78 அங்குலக் கட்டில் பத்தடி அறையில் போட்டால் நடக்க இடம் எவ்வளவு? தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். பீரோவின் உயரம் 78 அங்குலம், ஆழம் 19 அங்குலம் என்றால், படுக்க வைத்து நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 80 அங்குலத்துக்கு மேல் வரும். மேலே பரண் இருந்தால் முட்டும்.

ஆர்டர் போடுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த மாடி வரை கொண்டுவருவீர்கள்? அதற்குத் தனிக் காசா? பூட்டித் தருவது யார், எந்த நாளில்? பதிலைப் படம் பிடித்து வையுங்கள்.

வண்டி வந்ததும் பெட்டிகளை எண்ணுங்கள். நசுங்கிய பெட்டியைப் பிரிக்குமுன் படம் எடுங்கள். பிரித்துப் பார்க்க இடம் கொடுத்தால் பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள். கொடுக்காவிட்டால், 'பிரித்துப் பார்க்கவில்லை' என்று சீட்டில் எழுதுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கும் செய்தி அனுப்புங்கள். பூட்டுபவர் வரும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கம்பெனியின் போன் எண்ணைக் கண்ட இடத்தில் தேடிப் பிடிக்காதீர்கள். ரசீதில் உள்ள எண்ணையே கூப்பிடுங்கள். பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்பவன் திருடன். ஏமாந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

சுமப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

இதோடு முடித்தால் பாதிதான் பேசியவர்கள் ஆவோம். அந்த உதவியாளை மறந்துவிடக் கூடாது. மூன்று கதவு அலமாரியின் பலகைகள் மொத்தம் நூறு கிலோவை ஒட்டி வரும். ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே பரிந்துரைத்தது. மாடிப்படியில் அதைக் கேட்பார் யார்?

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்துவரும் நான்கு தொகுப்புகளில் அதுவும் ஒன்று. இணையக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று வரம்பும் கட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்பட்டது. நல்லது. ஆனால் குட்டி யானையின் உதவியாள் கம்பெனியின் செயலியில் இல்லை. கம்பெனி கான்டிராக்டரைக் காட்டும். கான்டிராக்டர் டிரைவரைக் காட்டுவார். டிரைவர் தினக்கூலிக்கு அழைத்து வந்தவர் அவர். எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை! அவரைப் போன்ற சுமைத் தொழிலாளர்களுக்காகத்தான் 1982-ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. வாரியத்தில் பதிவு செய்ய அவருக்கு வழி சொல்வது நம் சங்கத்தின் கடமை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை வண்டி வந்து, "மாடிக்குத் தனிக் காசு" என்று சொன்னால் கோபத்தைத் தொழிலாளி மீது காட்டாதீர்கள். அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். ஏற்றுவதற்கு நம் இளைஞர்கள் இருவர் கை கொடுக்கட்டும். அவருடைய உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுத்து, அந்தத் தொகையைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாத கட்டணத்துக்குக் கம்பெனியே பொறுப்பு என்று புகார் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் தள்ளிவைப்பான். இந்தக் குடியிருப்பிலிருந்து இருபது புகார் ஒரே சமயத்தில் போகட்டும்!

நமது கோரிக்கைகள் இரண்டு. மாடி வரை கொண்டுவரும் கூலி விலைக்குள் சேர வேண்டும். அந்தக் கூலி சுமக்கிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல, ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம். புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகம் திறந்திருக்கும். ரசீதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்!