பெருநாள் விருந்தினருக்கு ஒரு வீடு

ரமழான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நோன்பு திறக்கப்பட்ட மாலை. மேல்வானில் தலைப்பிறை தோன்றியதா, இல்லையா என்பதை அறிய நாடெங்கும் முஸ்லிம் இல்லங்களிலே மக்கள் வானொலியின் அருகே காத்திருப்பர். பிறை கண்ட செய்தி கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் உறுதிப்படுத்தப்பட்டால் மறுநாள் பெருநாள். இல்லையேல் முப்பதாம் நோன்பு. அந்த அறிவிப்பை அதே ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் வேறு சிலரும் உளர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊர்களில், விடுமுறைக்கு வருவோருக்குத் தம் வீட்டை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்துவோர் அவர்கள்.

எடுத்துக்காட்டாக, ஓய்வூதியத்தில் வாழும் ஓர் இந்துத் தம்பதியரை எண்ணிக்கொள்ளலாம். பிள்ளைகள் வெளியூரிலே வாழ்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஓய்வூதியம் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் போதாமற் போயிற்று. வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விடுகின்றனர். ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கூட்டம் ஒரு வருவாய். பெருநாட் காலத்துக் கூட்டம் மற்றொன்று. வசந்தகால விருந்தினருக்குச் செய்யும் ஆயத்தமே பெருநாள் விருந்தினருக்கும் போதுமென்று அவர்கள் எண்ணினால், அங்கேயே பிழை தொடங்குகின்றது.

முதலாவது, காலக்கணிப்பு. இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவது. அது சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. ஆதலின் பெருநாள் ஆண்டுதோறும் முந்திக்கொண்டே வரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். 2023 இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22 ஆம் நாள், வசந்தகாலத்தோடு சேர்ந்து வந்தது. 2025 இல் மார்ச் 31 ஆயிற்று. 2030 ஆம் ஆண்டளவில் அது பெப்ரவரித் தொடக்கத்துக்கு வந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே ஜனவரியும் பெப்ரவரியும் உறைபனி விழும் மாதங்கள். ஏப்ரலுக்குப் போதுமாயிருந்த கம்பளிகள் அப்போது போதா. நோன்புப் பெருநாளுக்கு ஏறக்குறைய 70 நாள் கழித்து வருவது ஹஜ்ஜுப் பெருநாள். அது மே, ஜூன் மாதங்களில் வரும் ஆண்டுகளிலே தென்மேற்குப் பருவமழை பெய்யும்; உடை உலர்த்தக் கூரையிட்ட இடம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானிலே விடுமுறை. நோன்பு நோற்கும் மாதத்தில் உல்லாசப் பயணம் செய்வோர் மிகச் சிலரே. பெருநாளன்று உற்றார் உறவினரைக் கண்டபின், பாடசாலை திறக்குமுன் உள்ள சில நாட்களிலேயே எல்லோரும் புறப்படுவர். அந்தச் சில நாட்களுக்காகவே நோன்பு மாதம் முழுவதையும் வீட்டைச் செப்பனிடும் மாதமாகக் கொள்ளுதல் அறிவுடைமை.

இரண்டாவது, தேதி. வெள்ளியா, சனியா என்பதை விருந்தினரே பிறை காணும்வரை அறியார். “தேதியைத் திட்டமாகச் சொல்லுங்கள்” என்று அவரை நெருக்குவதிற் பயனில்லை. முற்பணம் பெறும்போதே, பெருநாள் ஒரு நாள் பிந்தினால் தங்கும் நாட்களும் ஒரு நாள் பிந்தும் என்று எழுத்தில் உடன்பட்டு, அந்த ஒரு நாளை வெறுமையாக விடுதல் வேண்டும். அதையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் இரு குடும்பங்கள் ஒரே வாயிலில், குழந்தைகளோடு இரவுக் குளிரில் நிற்க நேரும். ஒரு நாள் வாடகையை இழப்பது சிறிது. அந்தப் பழி பெரிது.

இனி, வீட்டினுள்ளே வருவோம். வந்து இறங்கிய குடும்பத்து மூதாட்டி பெட்டியை வைக்குமுன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: “மகள், மேற்கு எந்தப் பக்கம்?” மலைகள் சூழ்ந்து பனிமூட்டம் கவிந்த ஊரிலே அவ்வூரவர்க்கும் இக்கேள்வி எளிதன்று. மேலும், மேற்கு என்பது வழக்கிலுள்ள சொல்லேயன்றித் திட்டமான திசையன்று. மக்கா நகர் இலங்கைக்கு நேர் மேற்கில் இல்லை. நுவரெலியாவிலிருந்து பார்க்குமிடத்து, தொழுகைக்குரிய கிப்லாத் திசை மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே சாய்ந்தது.

இதனைத் துணிய எளிய வழியொன்று உண்டு. ஆண்டில் இருமுறை, மே 28 ஆம் நாளளவிலும் ஜூலை 16 ஆம் நாளளவிலும், நண்பகலிலே சூரியன் மக்காவின் உச்சிக்கு நேரே நிற்கும். அவ்வேளை இலங்கையில் முறையே பிற்பகல் 2.48 மணியும் 2.57 மணியும் ஆகும். அந்நேரத்திலே நூலிற் கட்டிய கல்லொன்றைத் தொங்கவிட்டு, நிலத்தில் விழும் நூலின் நிழலைக் குறித்துக்கொண்டால், அந்நிழற்கோட்டின் வழியே சூரியனை நோக்கிச் செல்லும் திசையே கிப்லா. மழைமுகில் மறைத்தால் திசைகாட்டியைக் கொள்ளலாம். ஆனால், இரும்புக் கட்டிலும் தகரக் கூரையும் அதன் ஊசியைத் திருப்பிவிடும் என்பதை மறத்தலாகாது. ஒருமுறை துணிந்து சுவரின் ஓரத்திலே சிறு அம்புக்குறி இட்டுவிட்டால் அது வீடு உள்ளவரை பயன்படும்.

தொழுகைக்கென ஓர் அறை, இயலாவிடின் ஓர் அறையின் மூலை, படங்களும் உருவங்களும் இன்றி இருத்தல் வேண்டும். ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இந்து இல்லத்தார் தம் சுவாமிப் படங்களையெல்லாம் கழற்றி ஒளித்து வைக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. தம் பகுதியிலே அவர்களுடைய விளக்கு எரியட்டும். விருந்தினரின் தொழுகை அறைச் சுவர் வெறுமையாயிருந்தாற் போதும். தன் சமயத்தை மறைத்துக் காட்டும் மரியாதையை எந்த விருந்தினரும் கேட்பதில்லை. தமக்கென ஓர் இடத்தையே அவர்கள் வேண்டுவர்.

தொழுகைக்கு முன் வுழூச் செய்தல் முறை. முகமும், முழங்கை வரை கைகளும், கணுக்கால் வரை கால்களும் கழுவப்படும். உயர்ந்த கழுவுதொட்டியிலே முதியவர் காலைத் தூக்கிக் கழுவுதல் இயலாது. வழுக்கி விழுதலும் கூடும். தாழ்ந்த குழாய் ஒன்று, அதன் முன் அமர ஒரு முக்காலி, வழுக்காத தரை, வைகறையிலும் வெந்நீர் என்னும் இவை போதும். கிழக்குக் கரையின் வெப்பம் மிக்க ஊரிலிருந்து வந்த முதியவர்க்கு நுவரெலியாவின் அதிகாலைத் தண்ணீர் பெருந்துன்பம் தருவதாகும்.

அடுத்தது குசினி. பன்றியிறைச்சியோ மதுவோ புழங்கிய பாத்திரங்கள் இவர்களுக்கு ஆகா. இத்தம்பதியர் தாவர உணவினராயினும், முன்பு தங்கியிருந்தோர் என்ன சமைத்தனர் என்பதை யார் அறிவார்? எனவே பெருநாட் காலத்துக்கென ஒரு தொகுதிப் பானை, சட்டி, கத்தி ஆகியவற்றைப் புதிதாக வாங்கித் தனி அலுமாரியிற் பூட்டிவைத்தல் நன்று. அது இயலாதபோது உள்ளதை உள்ளவாறு முன்னரே கூறினால், விருந்தினர் தம் பாத்திரங்களைக் கொண்டுவருவர். இறைச்சியை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். வீட்டார் அன்போடு அளிக்க விரும்பினால் நுவரெலியாவின் கரட், பீற்றூட், லீக்ஸ் இருக்கின்றனவே! வீட்டு நாய் பாத்திரத்தில் வாய் வைத்தால் அதனை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாஃபி வழி. ஆதலின் நாயை வீட்டின் பின்புறத்தே கட்டிவைத்தல் அவசியம்.

பெரிய தட்டாகிய சஹனிலே சோறிட்டு, அதனைச் சுற்றி ஐவர் அறுவராகப் பாயில் அமர்ந்து உண்பது அவர்கள் வழக்கம். அதற்கு மேசையும் கதிரையும் பயன்படா. அவற்றை ஒதுக்கி, அகன்ற பாய்களை விரிக்க இடம் செய்தல் வேண்டும். பெருநாளுக்குப் பின் ஷவ்வால் மாதத்திலே ஆறு நோன்புகள் நோற்போரும் உளர். காலையில் நீட்டிய தேநீரை அம்மூதாட்டி மறுத்தால் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. அவர் வைகறைக்கு முன்னரே எழுந்து உண்டிருப்பார். அவ்வேளையில் குசினிக் கதவு பூட்டப்படாதிருத்தலே வீட்டார் செய்யத்தக்க உபசாரம்.

இவற்றிலெல்லாம் குறை நேர்ந்தால் மனவருத்தம் உண்டாகும். ஒன்றிற் குறை நேர்ந்தாலோ உயிர் போகும். முற்றத்திலே கரியடுப்பில் இறைச்சி வாட்டிய பின்னர், குளிர் தாங்காது, கனலும் கரியைச் சட்டியோடு படுக்கையறைக்குக் கொண்டுசென்று கதவையும் யன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டு. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட்டு எனும் நச்சு வாயு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் அறியாமலே அது உயிரைக் கவரும். ஆதலின், போதிய கம்பளிகளை அடுக்கி வைப்பதும், “கரியடுப்பை அறைக்குள் கொண்டுசெல்ல வேண்டாம்” என்று வந்த அன்றே வாயாற் சொல்வதும் வீட்டாரின் தலையாய கடமை. சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. களைத்து வந்தவர் எழுத்தை வாசிப்பதில்லை.

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். கூட்டம் மிகும் காலத்தில் விலை ஏறுதல் வணிக வழக்கம். ஆனால், பேசி முடித்த பின்னர், வேறு இடம் கிடையாதென்பதை அறிந்து மேலும் கேட்பது வஞ்சனை. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னர், குற்றமற்ற எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் மீதும் ஐயப்பார்வை விழுந்தது. அந்த நினைவு இருதரப்பிலும் இன்னும் முற்றாக ஆறவில்லை. தொலைபேசியிலே பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு கணம் மௌனம் நிலவினால், அம்மௌனத்தின் பொருள் கேட்பவர்க்கு உடனே விளங்கிவிடும். அந்த இடத்திலே, “வாருங்கள், எத்தனை பேர்? முதியவர்கள் உண்டா? கீழறையை ஒழுங்கு செய்து வைக்கிறோம்” என்ற மறுமொழி, கூட்டம் போட்டுப் பேசும் ஒற்றுமைப் பேச்சினும் பயன் மிக்கது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைப் பற்றியது. காசு பெற்று இடமளிப்பது விருந்தோம்பலாகுமா என்று வினவுவோர் இருக்கலாம். காசு வீட்டுக்கு உரிய விலை. வந்தவரின் வழக்கமறிந்து, கேட்குமுன்னரே சுவரிற் குறியிட்டு, குழாயடியிலே முக்காலி வைத்த கருத்துக்கு விலை குறிக்கப்படவில்லை, அது விருந்தோம்பலே. மூன்று நாள் கழித்துப் புறப்படும் மூதாட்டி, மீதியிருந்த வட்டிலப்பத்தைப் பாத்திரத்தோடு வீட்டம்மையாரின் கையிலே கொடுத்து, “பாத்திரத்தை வைத்துக்கொள் மகள், அடுத்த பெருநாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்வாராயின், அந்த வீடு நன்றாகவே ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.