வலிப்பை மறைக்க வேண்டாம்



காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்லுவோம். சர்க்கரை நோய் வந்தாலும் சொல்லுவோம். ஆனால் வலிப்பு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுவோம். காக்காய் வலிப்பு, சுழலி, அபஸ்மாரம் என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. எல்லாப் பெயரையும் மெல்லிய குரலில்தான் சொல்லுகிறார்கள். ஏன்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம். இந்த வெட்கம் சில சமயம் உயிரையே வாங்கிவிடும்.

வலிப்பு என்றால் என்ன?

நம் மூளையில் மிகச் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நடக்கிறோம், பேசுகிறோம், நினைக்கிறோம். அந்த மின்சாரம் திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் வலிப்பு வருகிறது. இது பாவமும் இல்லை, பேயும் இல்லை. தொட்டால் ஒட்டாது.

எல்லா வலிப்பும் கை கால் வெட்டி இழுப்பதில்லை. சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும். சிலர் சிறிது நேரம் பேச்சில்லாமல் வெறித்துப் பார்ப்பார்கள். சிலருக்கு இல்லாத வாசனை வரும்.

கட்டியின் முதல் செய்தி

வலிப்புக்குக் காரணங்கள் பல. சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வரலாம். தலையில் அடிபட்டால் வரலாம். மூளைக்குள் நாடாப்புழுவின் இளம்புழு தங்கினாலும் வரலாம். மூளையில் கட்டி வளர்ந்தாலும் வரலாம். வலிப்பு வந்த எல்லாருக்கும் கட்டி இருக்காது. ஆனால் இதுவரை வலிப்பே வராத பெரியவருக்கு முதல் முறையாக வந்தால் சும்மா இருக்கக் கூடாது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மெதுவாக வளரும் கட்டிகளில்தான் வலிப்பு அதிகம் வருகிறது. பலருக்கு அதுதான் முதல் அடையாளம். அப்போதே டாக்டரிடம் போனால் வைத்தியத்துக்கு நேரம் கிடைக்கும். மறைத்தால் அந்த நேரம் வீணாகும்.

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குணத்தில் மாற்றம் ஆகியவையும் அடையாளங்கள். இவை நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நமக்குத் திருச்சூர் மெடிக்கல் காலேஜும் கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியும் பக்கம். இடுக்கியில் ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கோட்டயமும் தேனியும் இருக்கின்றன.

1949ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவு தொடங்கியது. அதைத் தொடங்கியவர் கோட்டயத்துக்காரரான டாக்டர் ஜேக்கப் சாண்டி. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அங்கே 1995ஆம் ஆண்டு முதல் அறுவை செய்கிறார்கள். 1998இல் வலிப்புக்கென்றே தனி மையமும் வந்தது.

கட்டியை முடிந்த அளவு எடுத்துவிட்டால் வலிப்பும் பலருக்குக் குறைகிறது. எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்த பிறகு, தேவை என்றால் கதிர் வைத்தியமும் மருந்தும் கொடுப்பார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். டாக்டர் சொல்லும் வரை வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. ஏகாதசி விரதம் என்றாலும் மாத்திரைக்கு விரதம் இல்லை. வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. வேறு எந்த மருந்தைச் சேர்த்துச் சாப்பிடுவதானாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். குடித்தாலும் வரும். வலிப்பு உள்ளவர் கல்பாத்திப் புழையில் தனியாகக் குளிக்கப் போகக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. அடுப்படியில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது நல்லது.

வலிப்பு வரும்போது

கல்பாத்தித் தேர்க் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வோம்? கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். வாயில் தண்ணீர் ஊற்றுவோம். இரண்டும் தவறு. இரும்பு வலிப்பை நிறுத்தாது. தண்ணீர் மூச்சுக்குழலில் போய்விடும்.

சரியான முறை இது. கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த எழுத்து இங்கேதான் உதவ வேண்டும். வலிப்பு வந்தவருக்கு அந்த நேரம் நினைவிருக்காது. டாக்டரும் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். பார்த்தவர் வீட்டுக்காரர்தான். ஆகவே அவர்தான் எழுத வேண்டும். எப்படி?

"தேதி 12. காலை 6 மணி 10 நிமிடம். முதலில் இடது கை துடித்தது. பிறகு உடம்பு முழுவதும். 2 நிமிடம். பிறகு தூங்கினார். முந்திய ராத்திரி மாத்திரை போடவில்லை."

இந்தச் சில வரிகள் டாக்டருக்குப் பெரிய உதவி. உடம்பின் இடது பக்கத்தை மூளையின் வலது பக்கம்தான் நடத்துகிறது. ஆகவே இடது கையில் தொடங்கினால் மூளையின் வலது பக்கத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார். மாத்திரை விட்டுப்போனதா, மருந்து போதவில்லையா, கட்டி திரும்ப வளர்கிறதா என்று யோசிக்கவும் இந்தக் குறிப்பு உதவும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. நேரமும் தேதியும் சரியாக இருக்கட்டும்.

கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு வலிப்பைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999ஆம் ஆண்டு பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டமே மாறிவிட்டது. நம் மனம் மாற வேண்டாமா?

ஒழுங்காக வைத்தியம் செய்தால் வலிப்பு உள்ள 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஆகவே மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுவோம். மாத்திரையை விடாமல் கொடுப்போம். பார்த்ததை எழுதி வைப்போம்.