கூச்சப்படவும் ஓர் அறை வேண்டும்

(பட்டிமன்றத் தலைப்பு: மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் படும் துன்பத்துக்குப் பெரிதும் காரணம் கூச்சமா? வசதியின்மையா? 'வசதியின்மையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! அரங்கத்திலும், வீட்டில் டி.வி. முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயசு. மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா இதையெல்லாமா டி.வி.யில பேசுவாங்க?" என்றார். "அத்தே, நடுவர்தான் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்" என்றேன். "அவருக்கென்ன, ஆம்பளை! கொடுப்பார்!" என்றார். (சிரிப்பு) நடுவர் ஐயா சிரிக்கிறார். தீர்ப்புச் சொல்லும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

எதிரணித் தலைவி அழகாகப் பேசினார்கள். 'தூரம்' என்கிறோம், 'வீட்டு விலக்கு' என்கிறோம், அதற்கு உரிய பேரைச் சொல்ல வாய் வருவதில்லை. மருந்துக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கடத்தல் தங்கம் மாதிரி நீட்டுகிறார். இந்தக் கூச்சம்தான் எல்லாத் துன்பத்துக்கும் வேர் என்றார்கள். கூச்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது சங்க காலத்துச் சரக்கு! புறநானூற்றில் பொன்முடியார் ஒரு போர்க்களத்தைக் காட்டுகிறார். உளுந்துச் சக்கை தின்று வளர்ந்த சிற்றூர்க் குதிரை பகைவர் படையைப் பிளந்துகொண்டு பாய்கிறது. நெய்ச்சோறு தின்ற குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி ஒதுங்கி நின்றன? முருகன் கோயிலில் பாத்திரம் பண்டம் தொடக்கூடாத நாளில் விலகி நிற்கிற பெண்களைப் போல! பாடியதும் ஒரு பெண்பாற் புலவர்தான். ஆனால் தொல்காப்பியர் பாருங்கள், பூப்பு என்று நேராகவே சொல்லிவிட்டுப் போகிறார். இலக்கணப் புலவருக்கு இல்லாத கூச்சம் நம்ம மெடிக்கல் ஷாப்காரருக்கு! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, கூச்சம் பணக்காரிக்கும் உண்டு, ஏழைக்கும் உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு பாக்கெட் வாங்கிவிடலாம். காசு இல்லாமல் வாங்க முடியுமா?

எதிரணியில் கஜா புயலைச் சொன்னார்கள். அரங்கமே அமைதியாகிவிட்டது. 2018 நவம்பர். பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காடு கிராமம். வயசுக்கு வந்த பள்ளிக்கூடச் சிறுமி. தனியாகக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். ராத்திரி புயலில் தென்னை மரம் விழுந்தது. குழந்தை போய்விட்டாள். அந்த வழக்கத்துக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அதே வழக்கம் எங்கள் மயிலாப்பூரிலும் இருந்தது. 1983-ல் என்னையும் உட்கார வைத்தார்கள். எட்டுக் குடித்தனம் இருந்த வீடு. மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம், ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவமானத்தில் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் என் தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை! அன்றைக்கு எந்தப் புயல் அடித்திருந்தாலும் நான் காலையில் எழுந்து காப்பி கேட்டிருப்பேன். ஒதுக்கி வைத்தது இரண்டு பேரையும்தான். ஓலைக்குக் கீழே இருந்தவள்தான் செத்துப் போனாள். (கைதட்டல்)

கூச்சம் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கூச்சம் போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர். அடையாறு கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. கோட்டூர்புரத்தில் ஒரு முகாமுக்கு என் மாணவிகளோடு போயிருந்தேன். ரொட்டி வந்தது, பிஸ்கட் வந்தது, போர்வை வந்தது, மெழுகுவத்தி மலை மாதிரி வந்தது. ஒரு பெண் நேரே என்னிடம் வந்து, "டீச்சர், பழைய காட்டன் பொடவை இருக்கா?" என்று கேட்டாள். நான் பெருந்தன்மையாக, "பழசு எதுக்கும்மா? புதுசே இருக்கு" என்று பளபளவென்று ஒரு சிந்தடிக் புடவையை நீட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். "கட்டிக்க இல்ல டீச்சர்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் ஆண்கள் இருந்தார்கள். பின்னாடி நின்ற என் மாணவிக்கு உடனே புரிந்துவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று! (சிரிப்பு) பிள்ளைகள் கடை தேடி ஓடினார்கள். பாதிக் கடை தண்ணீருக்குள். ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. திருவான்மியூர் வரைக்கும் போய், கையில் இருந்த சில்லறைக்குக் கிடைத்ததை வாங்கி வந்தார்கள். இருநூறு பெண்கள் இருந்த இடத்துக்குப் பன்னிரண்டு பாக்கெட். அந்தப் பெண்ணிடம் துளிக் கூச்சம் இல்லை ஐயா. பொருள்தான் இல்லை.

கோயம்புத்தூர் முருகானந்தத்தையும் எதிரணி தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மனைவியே பிரிந்து போனார், எல்லாம் கூச்சத்தால்தானே என்றார்கள். சரி, அவர் எதற்காக அந்த மெஷினைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார்? அவர் மனைவி கிழிந்த துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து, ஏன் கடையில் வாங்கக் கூடாது என்று கேட்கிறார். அந்த அம்மா சொன்ன பதில், அதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்குகிற காசில் கைவைக்க வேண்டும் என்பது! பால் கணக்கு ஐயா அது! வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்கில் விலை சொன்னார்கள். அவர் ஒரு லட்சத்துக்கும் குறைவாகச் செய்து காட்டினார். 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தது அதற்குத்தான்.

அரசாங்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பொட்டுக்கு வரி இல்லை, குங்குமத்துக்கு வரி இல்லை, வளையலுக்கு வரி இல்லை. நாப்கினுக்குப் பன்னிரண்டு சதவீதம்! நெற்றிக்கும் கைக்கும் சலுகை. (சிரிப்பு) நாடு முழுக்கப் பெண்கள் சண்டை போட்டு, அடுத்த வருஷம் ஜூலையில் அந்த வரியை எடுத்தார்கள். மக்கள் மருந்தகத்தில் 2019-ல் நாப்கின் விலையை ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். நம்ம தமிழ்நாடு அதற்கும் முன்னாலேயே, 2011-ல் அறிவித்து, 'புதுயுகம்' என்று திட்டம் போட்டு வளரிளம் பெண்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. கைதட்டலாம், தப்பில்லை. (கைதட்டல்)

கைதட்டி முடித்தாயிற்றா? இப்போது கணக்குப் போடலாம். வருஷத்துக்குப் பதினெட்டு பாக்கெட். பாக்கெட்டுக்கு ஆறு. ஆக நூற்றெட்டு. பன்னிரண்டு மாதத்தில் பிரித்தால் மாதம் ஒன்பது. டாக்டர்கள் நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஐந்து நாளைக்கு இருபதாவது வேண்டாமா? மீதி? அதுவும் பத்து வயசிலிருந்து பத்தொன்பது வயசு வரைக்கும்தான். இருபதாவது பிறந்த நாளன்று அது நின்றுவிடுமா? (சிரிப்பு) அம்மாவுக்கு? இன்னொன்று, இந்தத் திட்டம் ஆரம்பத்தில் கிராமத்துப் பெண்களுக்கு மட்டும். சென்னைப் பெண் என்றால் வசதியானவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நொச்சிக்குப்பத்துப் பெண்ணும் சென்னைப் பெண், போட் கிளப் ரோட்டுப் பெண்ணும் சென்னைப் பெண்! நகரத்துக்கு அது வருவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

எதிரணி நண்பர் ஒருவர் புள்ளிவிவரம் படித்தார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சுகாதாரமான முறையைக் கையாளுகிறார்கள், வசதி வந்துவிட்டது என்றார். ஐயா, அந்தக் கேள்வியைக் கேட்டது பதினைந்து வயசிலிருந்து இருபத்து நாலு வயசுப் பெண்களிடம். என்ன உபயோகிக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். எங்கே போய் மாற்றுகிறாய் என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். தீபாவளிக்கு முன்னால், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். உஸ்மான் ரோட்டுக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் நடுவில் எல்லாக் கடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி, எனக்காக நாற்பது புடவை பிரித்துப் போட்டாள். நாற்பத்தொன்றாவது புடவைக்குக் கை நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் வயிற்றைப் பிடித்தாள். நானும் பெண்தானே, புரிந்தது. "உட்காரும்மா" என்றேன். சிரித்தாள். "கஸ்டமர் முன்னால உட்காரக் கூடாதுக்கா." "தண்ணியாவது குடி." "தண்ணி குடிச்சா மாடிக்குப் போவணும். ஆறாவது மாடி. லிப்ட் கஸ்டமருக்கு. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் போவணும். காலையில ஒருதரம் போயாச்சு." காலை ஒன்பதரைக்கு வைத்தது, ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய்த்தான் மாற்றுவாளாம். அவளிடம் நாப்கின் இருக்கிறது. கடைச் சம்பளத்தில் வாங்கி, பையில் வைத்திருக்கிறாள். கணக்கெடுப்புக்காரர் வந்தால் 'சுகாதாரமான முறை' என்று எழுதிக்கொண்டு போவார்!

கேரளத்தில் 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் சட்டமன்றமும் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எத்தனை கடையில் அந்த நாற்காலி இருக்கிறது என்று அடுத்த முறை புடவை வாங்கப் போகும்போது தாய்மார்கள் எட்டிப் பாருங்கள். நூற்பாலைப் பெண்களின் கதை இதைவிடக் கொடுமை. வலி என்று சொன்னால் மருத்துவர் சீட்டே இல்லாமல் ஏதோ மாத்திரையைக் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்பினார்கள் என்று 2019-ல் செய்தி வந்தது. அந்தப் பெண்கள் கூச்சப்படாமல் வாய் திறந்து சொன்னதால்தான் மாத்திரை கிடைத்தது!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரி வரைக்கும் யோசித்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா. முன்னே பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் குடிசை. அங்கிருந்து எழுப்பிக் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். விடியற்காலையில் பஸ் ஏறி வருவார். 2021-லிருந்து அந்த பஸ்ஸுக்கு டிக்கெட் இல்லை, புண்ணியம். நாலு வீட்டில் வேலை செய்துவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவார். போன வருஷம் ஒருநாள் சமையலறையிலேயே மயங்கி விழுந்தார். கோஷா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் ஆறு இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டியது! கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு வருஷமாக மாதம் பத்து நாள் உதிரம் போயிருக்கிறது. ரத்தம் ஏற்றி, நன்றாகவே பார்த்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை.

நான் கோபமாக, "ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை? கூச்சமா?" என்றேன். நடுவர் ஐயா, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "உங்ககிட்ட என்னம்மா கூச்சம்? ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள். மூணு நாள் லீவு போட்டா நாலு வீட்லயும் கேப்பாங்க." அந்த நாலு வீட்டில் ஒன்று என் வீடு.

எட்டு மணி நேரம் அந்தத் தெருவில் இருக்கிறாரே, மாற்றுவதற்கு எங்கே போனார்? எங்கள் பிளாட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று கீழே வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது. பக்கெட்டில் தண்ணீர் இருந்தால் உண்டு. என் வீட்டுக் கழிப்பறையைப் பன்னிரண்டு வருஷமாகக் கழுவுகிறவர் அவர்தான். அதை நீங்கள் உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. (அரங்கில் அமைதி) எதிரணி இப்போது எழுந்து, "அது மனசு சம்பந்தப்பட்டது, எங்கள் கட்சி" என்பார்கள். இல்லை. அவருக்குக் கூச்சம் இல்லை. வசதி என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன். என்னைப் பாராட்டாதீர்கள், பன்னிரண்டு வருஷம் கழித்துக் கொடுத்தேன்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம். மத்தியானம் ஒத்திகைக்கு வந்தபோது, இந்த அரங்கத்தில் பெண்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். மேடைக்குப் பின்னாடி இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி மேனேஜரிடம் என்றார்கள். மேனேஜர் எங்கே என்றேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். (சிரிப்பு) நடுவர் அவர்களே, மணி ஆறரை. அவர் இன்னும் வரவில்லை.

(நீண்ட கைதட்டல்)