பொழக்கடையில் நாங்களே கட்டின கொட்டாய்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பழக்கம் இல்ல, எழுதிக் கொண்டு வந்ததைத்தான் படிக்கிறேன்.

பாலக்கோடு பக்கம் தக்காளி பறிச்சா அன்னைக்கே மண்டிக்குப் போயாகணும். கேவுரு அப்படி இல்ல. நல்லா காயவச்சா வருஷக்கணக்குல கெடாது. அப்படியும் நாங்க களத்துலயே வித்துட்டு இருந்தோம். காரணம், வைக்க இடமில்ல. ரெண்டு அறை வீட்டுல மூட்டையை அடுக்கிட்டா பிள்ளைங்க எங்க படுக்கும்? வாங்க வர்றவருக்கும் இது தெரியும். அதனால அவர் சொல்றதுதான் விலை. 2023-24ல கேழ்வரகுக்கு அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். நம்ம மாவட்டத்துல அரசே வாங்கி ரேஷன்ல போடுது. ஆனா கொள்முதல் நிலையம் திறக்கற வரைக்கும் மூட்டைக்கு மேல ஒரு கூரை வேணுமே.

மாமியார் காலத்துல வீட்டுல தொம்பை இருந்துச்சாம். மூங்கில்ல பின்னி, மண்ணும் சாணியும் பூசினது. இப்ப பின்ன ஆள் கிடைக்கல. மேஸ்திரியைக் கேட்டோம், 75,000 ரூபாய் சொன்னார். அவ்வளவுக்கு எங்க போறது?

குழுக் கூட்டத்துல இதைச் சொன்னப்ப எங்க அக்கா ஒருத்தர் சிரிச்சாங்க. எட்டு வருஷம் பெங்களூர்ல சித்தாளா இருந்தவங்க. "கல்லு சுமந்தது நானு, கலவை போட்டது நானு, வரிசை பிடிச்சு வச்சது மட்டும் அவரு. அதைப் பார்த்துட்டே தானே நின்னேன்"னு கேட்டாங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க எத்தனை பேர் பெங்களூர், ஓசூர்னு போய் மாடி மாடியா கட்டிக் குடுத்திருக்காங்க! கரண்டியை மட்டும் யாரும் கையில குடுக்கறதில்ல. கூலியில இருக்கற வித்தியாசத்தை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. ஜார்கண்ட்ல மகளிர் குழுப் பெண்களுக்கே கொத்து வேலை பழக்கி, கழிப்பறை கட்ட வச்சாங்க. அங்க அவங்களுக்குப் பேரு ராணி மிஸ்திரி. பேரு நல்லாத்தான் இருக்கு.

குழுவுல 20,000 உள்கடன், ஒரு ஆடு வித்த 8,000. இவ்வளவுதான் கையில. இடிஞ்சு கிடந்த பழைய வீட்டுச் செங்கல்லும் கதவும் இருந்துச்சு. அந்த அக்கா, நான், என் ஓரகத்தி மூணு பேரும் இறங்கினோம். வீட்டுக்காரர் முதல்ல பேசவே இல்ல, கல்லுக்கால் நட மட்டும் வந்தார். அதுக்கு மூணு பேர் பத்தாது.

10 அடிக்கு 8 அடி. மூலை சரியா வர்றதுக்கு ஒரு சுவத்துல 3 அடி, மறு சுவத்துல 4 அடி குறி வச்சு, குறுக்கே கயிறு பிடிச்சா 5 அடி வரணும். வந்தா மூலை நேர். பத்தாவதுல பிதாகரஸ் தேற்றம்னு மனப்பாடம் பண்ணினது இதுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆறு கல்லுக்காலை ரெண்டு அடி ஆழத்துல நட்டோம். கூரைப் பாரத்தை அதுங்க தாங்கிக்கும், அதனால சுவத்தை மண் சாந்துல கட்டி வெளியே மட்டும் சிமெண்ட் பூசினா போதும். இதுலதான் காசு மிச்சமாச்சு.

தரையை ஒன்னரை அடி உயர்த்தணும். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிக்கணும். அவசரப்பட்டு ஒரே நாள்ல கொட்டினா மழைக்கு அமுங்கிடும். கூரைக்குத் தகர சீட்டு. முன்பக்கம் 8 அடி, பின்பக்கம் 7 அடி, தண்ணி பின்னால ஓடிடும். ஆணி அடிக்கும்போது பள்ளத்துல அடிக்காதீங்க, மேட்டுல அடிங்க, ரப்பர் வாஷர் போட்டு. பள்ளத்துலதான் தண்ணி ஓடும். கல்நார் சீட்டு மலிவுன்னு சொல்லுவாங்க, அதை அறுக்கற தூசி நுரையீரலுக்கு ஆகாது.

எலிதான் பெரிய எதிரி. பென்சில் நுழையற ஓட்டை இருந்தா சுண்டெலி நுழைஞ்சிடும். கூரைக்குக் கீழ காத்துக்கு விட்ட இடைவெளி முழுக்க கால் அங்குலக் கண்ணு கம்பிவலை அடிச்சோம். கதவோட அடியில தகரப் பட்டை. மூட்டையைத் தரையில வைக்கிறதில்ல, பலகைக் கல்லு மேலதான். சுவத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி, சுத்தி நடந்து பார்க்கற மாதிரி. நடுவுல நொச்சி, வேப்பிலை. கடலைக்காயைக் குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும், அதுக்கப்புறம்தான் உள்ளே. ஈரத்தோட வச்சா பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்துல இருக்கற விஷம் வறுத்தாலும் முழுசாப் போகாது.

ஒன்னு கண்டிப்பா சொல்லணும். இடம் இருக்குதேன்னு பூச்சி மருந்து டப்பாவையும் யூரியா மூட்டையையும் இதே கொட்டாய்க்குள்ள வைக்கச் சொல்லுவாங்க. எங்க வீட்டுலயும் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். அதுக்கு வெளியே தனியா பூட்டுப் போட்ட பெட்டி.

மொத்தம் பதினேழு நாள் வேலை. போன வருஷக் கேவுரை களத்துல கேட்டவருக்குக் குடுக்கல. தை மாசம் கழிச்சு, சலிச்சு சுத்தம் பண்ணிக் கொள்முதல் நிலையத்துல போட்டோம். பணம் வங்கிக் கணக்குல வந்துச்சு. வீட்டுச் செலவுக்கு நாலு மூட்டை இன்னும் உள்ளே இருக்கு, களிக்குப் பஞ்சமில்ல.

தமிழ்நாட்டுலயே முதன்முதலா மகளிர் குழுத் திட்டம் 1989ல நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சுது. அப்ப கிருஷ்ணகிரியும் நம்ம கூடத்தான். இத்தனை வருஷமா சேமிச்சோம், கடன் வாங்கினோம், கட்டினோம். கொத்து வேலைக்கு மட்டும் வெளியில ஆள் தேடறோம். கூட்டமைப்புல பத்து பேருக்காவது அந்தப் பயிற்சி கேக்கணும்னு தலைவி அவர்களை இந்த மேடையிலயே கேட்டுக்கறேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஓரகத்தி வீட்டு ஆட்டுக்கொட்டாய்க்குக் கடக்கால் எடுக்கறோம். பழகிக்க விரும்பறவங்க காலையில ஏழு மணிக்கு வாங்க. மண்வெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, கரண்டி எங்ககிட்ட மூணு இருக்கு.