பழங்காருக்குப் புதுத் துருத்தி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு இயந்திரம் பேசுமாறு நம்மைப் பணித்தவர்கள் நம் காலனி இளைஞர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சூப்பர்சார்ஜர் பூட்டிப் பொன்முடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நாமோ ரயில்வேயில் பேரேடு எழுதுபவர். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை நம்முடையதன்று. எனினும் டீசல் எஞ்சின்களின் ஓசையைக் கேட்டுக் கேட்டே காலம் கழித்த செவி உண்டு. அந்தத் துணிவில் பேசுகிறோம்.

சூப்பர்சார்ஜர் என்பது யாது? கொல்லன் பட்டறையை நினைத்துக் கொள்ளுங்கள். கரியை எவ்வளவு குவித்தாலும் துருத்தி ஊதாவிட்டால் உலை சிவக்காது. காரின் நிலையும் அதுவே. ஒரு கிலோ பெட்ரோல் நன்கு எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை மிகுதியாக ஊற்றுவது எளிது. காற்றை மிகுதியாகப் புகுத்துவதே அரிது. பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தானாக வந்து நிரம்புகிறதே, அவ்வளவுதான் சாதாரண எஞ்சினின் மூச்சு. அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் துருத்தியே சூப்பர்சார்ஜர். எஞ்சினின் சுழற்சியையே பெல்ட் வழியாகவோ பல்சக்கரம் வழியாகவோ வாங்கி அது இயங்கும்.

துருத்தி என்று நாம் சொன்னது வெறும் உவமையன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் காப்புரிமை பெற்ற காற்றூதி இரும்புலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிய பின்னரே மோட்டார் உலகிற்கு வந்தது. உலைக்களத்தில் பிறந்த பொருள் பந்தயக் களத்தை அடைந்தது.

வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட நூற்றுக்கு நாற்பது மிகுதியாக ஊதினால் வலிமையும் அவ்வளவு கூடும் என்று தாளில் கணக்குப் போடலாம். நம்மைப் போன்ற எழுத்தர்களுக்குத் தாளில் எல்லாக் கணக்கும் சரியாகவே வரும்! ஆனால் துருத்தியைச் சுழற்ற எஞ்சின் தன் வலிமையில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். அழுத்திய காற்று சூடேறும். சூடேறிய கலவை உரிய நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். அதைத் தவிர்க்க எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும், நல்ல பெட்ரோல் ஊற்ற வேண்டும், குளிரூட்டும் ஏற்பாட்டையும் பெருக்க வேண்டும். ஒரு பொருளைப் பூட்டப் புகுந்து ஒன்பது பொருளை மாற்றுகிற கதை இது.

இக்கதையில் புகழ்பெற்ற வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பென்ட்லி நாலரை லிட்டர் கார் ஏறத்தாழ 110 குதிரைத்திறன் உடையது. பந்தய வீரர் டிம் பிர்கின் அதற்குச் சூப்பர்சார்ஜர் பூட்டியே தீருவது என்று நின்றார். காரைப் படைத்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை. வலிமை வேண்டுமானால் பெரிய எஞ்சினைச் செய்வோம் என்பது அவர் கொள்கை. டாரதி பேஜெட் என்னும் செல்வச் சீமாட்டி பிர்கினுக்குப் பொருளுதவி செய்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் துருத்தியைச் செய்தளித்தார். ரேடியேட்டருக்கு முன்னே பெரிய இரும்பு மூக்கு முளைத்தாற்போல் அது நின்றது. சாலைக் காரின் வலிமை 175 ஆயிற்று. பந்தயக் காரில் அது 240 வரை சென்றது. பெட்ரோலை அது குடித்த வேகமும் அதற்கேற்பவே இருந்தது.

1930 ஆம் ஆண்டு லெ மான் நகரத்து இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் பிர்கின், மெர்சிடிஸ் காரில் வந்த கராச்சியோலாவைத் துரத்தி, டயரின் மேற்தோல் உரிந்து பறக்க முந்திச் சென்றார். கண்டவர் மெய்சிலிர்த்த காட்சி அது. முடிவு யாதெனில், துருத்தி பூட்டிய பென்ட்லிகள் ஓட்டத்தை முடிக்கவில்லை. அந்த மெர்சிடிஸும் இடையில் நின்றது. வென்றது துருத்தியே இல்லாத பெரிய எஞ்சின் பென்ட்லி, ஸ்பீட் சிக்ஸ்! ஆயினும் பிர்கினை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு பிரான்சின் போ நகரத்துப் பந்தயத்தில் அந்தப் பாரமான காரோடு மெல்லிய புகாட்டிகளிடையே ஓடி இரண்டாம் இடம் பெற்றார். இன்று உலகம் விரும்பிச் சேகரிப்பதும் அந்தத் துருத்திப் பென்ட்லியைத்தான். நம் மனம் டபிள்யூ.ஓ.வின் பக்கம் நிற்கிறது. கண்ணோ பிர்கினின் காரைவிட்டு அகல மறுக்கிறது.

துருத்தியால் கேடுதான் விளையும் என்பதா? அன்று. நம் ரயில்வேயையே பாருங்கள். 1962 இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் பதினாறு சிலிண்டர்களும் 2600 குதிரைத்திறனும் உடையது. அதிலும் துருத்தி உண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழல்வதால் அதனை டர்போ என்பர். அதன் பிஸ்டனும் பேரிங்கும் அந்த அழுத்தத்தைத் தாங்கவே பிறந்தவை. அழுத்திய காற்றை ஆற்றித் தரத் தனி அமைப்பும் உண்டு. டீசல் சிலிண்டருக்குள் முதலில் காற்று மட்டுமே நுழைவதால், கலவை முன்கூட்டி வெடிக்கும் தொல்லையும் இல்லை. கருவிலேயே துருத்தியோடு உருவான எஞ்சினுக்கும், கிழப்பருவத்தில் துருத்தி பெறும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம்.

1945 முதல் நான்காண்டுகளுக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1250 சி.சி. கொண்ட அதன் எஞ்சினுக்கு 54 குதிரைத்திறன். கிராங்க் தண்டைத் தாங்குவன மூன்றே பேரிங்குகள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். ஷார்ராக் முதலியோர் இத்தகைய கார்களுக்கென்றே சூப்பர்சார்ஜர் செய்து அக்காலத்திலேயே விற்றனர். ஆதலின் பூட்ட இயலாது என்பதில்லை. பூட்டியபின் நம் பொன்முடிச் சாலையில் அது என்ன செய்யும் என்பதே வினா.

பொன்முடியின் உயரம் ஏறத்தாழ 1100 மீட்டர். அங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிகிறது. 54 குதிரையில் ஐந்து குதிரை களைத்துப்போகும், அவ்வளவே. இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறினால் அந்த ஐந்தும் இன்றியே உச்சியைக் காணலாம். கல்லாறு கடந்தபின் வரும் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் எந்தத் துருத்திக்கும் மூச்சுவிட நேரம் கிடையாது. இறங்கும்போதோ அது தேவையே இல்லை. அங்கே உயிரைக் காப்பது பிரேக். மழைக்காலத்தில் அச்சாலையைக் கண்ட தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இளைஞர்கள் சேர்த்து வைத்த பணம் முதலில் பிரேக்குக்கும், அடுத்து டயருக்கும், அதற்கடுத்து ரேடியேட்டருக்கும் போகட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. நம் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதனை உறுதி செய்தது. 2021 இல் வந்த மத்திய விதிகளோ, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவில் உள்ள வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துடன் தனிப் பதிவு தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சட்டகத்தையோ உடலையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்தச் சிறப்புக் கிடையாது. பதிவு பெற்ற வண்டியையும் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாமேயன்றி, நாள்தோறும் கடைத்தெருவுக்கு ஓட்ட இயலாது.

பிறவியிலேயே துருத்தி பெற்ற கார்களின் வழக்கு வேறு. 1933 இல் அல்ஸ்டரில் நுவொலாரி வென்ற எம்.ஜி. கே3 அத்தகையது. அதிலிருந்து சூப்பர்சார்ஜரைக் கழற்றுவதே குற்றம் என்போம்.

நம் மாவட்டத்திலேயே கண்ணாரக் கண்ட சான்றும் உண்டு. 2013 இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180, ‘கேன் 42’ என்ற எண்ணோடு திருவனந்தபுரத்து வீதிகளில் பல பத்தாண்டுகள் உலவியது. ஸ்போர்ட்ஸ் காரன்று, அடக்கமான குடும்பக் கார். அதனை நின்று பார்க்காத பாதசாரி இல்லை. அந்தக் காரில் துருத்தி எதுவும் இல்லை.